பிள்ளையின் உயரமும் பெற்றோரின் கவலையும்

புனேயில் பணிபுரியும் என் மகன் சென்ற ஆண்டு ஓர் இரவு தொலைபேசியில் அழைத்தான். வழக்கமான நலவிசாரிப்புகள் முடிந்த பின்னும் பேச்சை முடிக்காமல் தயங்கினான். பிறகு, "அப்பா, உங்கள் பேரன் வகுப்பிலேயே மிகவும் குள்ளமாக இருக்கிறான். மருத்துவரிடம் காட்டினோம். நோய் ஒன்றும் இல்லை என்றார். ஆனாலும் உயரமாக வளர்வதற்கு ஊசி இருக்கிறதாம். போடலாமா என்று நினைக்கிறோம். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்டான். பேரனுக்கு அப்போது வயது எட்டு. என்னால் உடனே விடை கூற இயலவில்லை. "இரண்டு நாள் கழித்துச் சொல்கிறேன்" என்று கூறி வைத்துவிட்டேன். இரண்டு நாள் இரண்டு வாரமாயிற்று. சங்க மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமென்று நண்பர்கள் கேட்டபோது, மனத்தில் கிடந்த அந்த வினாவையே எடுத்துக்கொண்டேன்.

பிள்ளை வளரவில்லையே என்று பெற்றோர் கவலைப்படுவதில் ஆராய என்ன இருக்கிறது என்று அன்பர்கள் கேட்கலாம். பசித்த பிள்ளைக்குச் சோறிடுவதும் மெலிந்த பிள்ளைக்காக வருந்துவதும் பெற்ற மனத்தின் இயல்பு. இயல்பான ஒன்றில் நன்றென்றும் தீதென்றும் பகுக்க இடமேது? நானும் ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணியிருந்தேன். மிகுதியாகக் கவலைப்படும் தந்தையே மிகுதியாக அன்பு செலுத்தும் தந்தை என்று நம்பியிருந்தேன். 1985ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் அந்த நம்பிக்கை ஆட்டங்கண்டது. அதைச் சொல்லுமுன், நெடுங்காலத்துக்கு முன் வாழ்ந்த வேறொரு தந்தையைப் பற்றிச் சில சொற்கள்.

பிரான்சு நாட்டில் கெனோ த மோன்பெயார் என்றொரு பிரபு இருந்தார். 1759இல் அவருக்கு ஒரு மகன் பிறந்தான். பிறந்தது முதல் ஏறத்தாழ ஆறு மாதத்துக்கு ஒருமுறை அப்பிள்ளையின் உயரத்தை அளந்து எழுதி வந்தார். 1777 வரை, அதாவது பிள்ளைக்குப் பதினெட்டு வயது நிரம்பும்வரை, அந்தப் பழக்கத்தை அவர் விடவில்லை. இயற்கையியல் அறிஞர் பூஃபோன் அக்குறிப்புகளைத் தம் பெருநூலின் பிற்சேர்க்கை ஒன்றில் வெளியிட்டார். பிறப்பு முதல் வளர்ச்சி முடியும்வரை ஒரே பிள்ளையைத் தொடர்ந்து அளந்த ஏடுகளுள் மிகப் பழையது அதுவே என்பர். இருபதாம் நூற்றாண்டில் டானர் என்னும் ஆங்கில மருத்துவர் குழந்தைகளின் வளர்ச்சியைப் பற்றி விரிவாக எழுதியபோது, இந்தத் தந்தையின் குறிப்புகளையே எடுத்துக்காட்டாகக் கொண்டார். முதலிரண்டு ஆண்டுகளில் விரைவாகவும், பிறகு மெதுவாகவும், பதின்மூன்று பதினான்கு வயதையொட்டி மீண்டும் ஒருமுறை பாய்ந்தும் உடல் வளர்கிறது என்பதை அந்த ஒரு பிள்ளையின் கணக்கே தெளிவாகக் காட்டிவிடுகிறது. அந்த ஏட்டில் உள்ளவன் ஒரே பிள்ளை. அவன் அடுத்த வீட்டுப் பையனைவிட உயரமா குள்ளமா என்று அறிய அதில் வழியில்லை.

நானும் அளந்தவன்தான். ஆனால் என் அளவையில் அடுத்த வீட்டுப் பையன் எப்போதும் உடன் நின்றான்.

1971இல் மைய அரசுப் பணி கிடைத்துத் டில்லி வந்தேன். மணமானபின் லோதி காலனியில் அரசுக் குடியிருப்பு கிடைத்தது. 1973இல் மகளும் 1976இல் மகனும் பிறந்தனர். எங்கள் இடப்புறமும் வலப்புறமும் பஞ்சாபிக் குடும்பங்கள். நல்ல மனிதர்கள், நாங்கள் ஊருக்குப் போனால் எங்கள் துளசிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றியவர்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் ஆறு வயதிலேயே எட்டு வயதுத் தோற்றம் கொண்டிருந்தனர். அந்த அம்மையார் என் மகனைக் காணும்போதெல்லாம் கன்னத்தைக் கிள்ளி, "சோற்றிலும் சாம்பாரிலும் என்ன பலம் வரும்? பராட்டாவும் நெய்யும் கொடுங்கள்" என்பார். அன்போடு சொன்ன சொல்தான். ஆனால் அச்சொல் என் துணைவியாரின் சமையலையும், என் பிறந்த மண்ணையும், என் பெற்றோரின் உடல்வாகையும் சேர்த்து எடை போடுவதாக எனக்குப் பட்டது. பிழைக்க வந்த ஊரில் நம் பிள்ளை குள்ளமாக நிற்பது, நாமே குள்ளமாக நிற்பதுபோல் ஒரு கூச்சத்தைத் தரும். வெளியூரில் பிள்ளை வளர்த்த அன்பர்கள் இதை மறுக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

கோடை விடுமுறையில் கும்பகோணத்துக்குப் போனால் நிலைமை வேறு. அங்கே தெருப் பிள்ளைகளோடு அவன் விளையாடும்போது யாரும் அவனைக் குள்ளன் என்று சொன்னதில்லை. என் தாயார், "டில்லித் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை, இளைத்திருக்கிறான்" என்று மட்டும் சொல்லி எண்ணெய் தேய்த்துவிடுவார். ஒரே பிள்ளை, ஒரே உயரம். இரண்டு நாள் ரயில் பயணத்தில் அவன் குள்ளனாகவும் குள்ளனல்லாதவனாகவும் மாறிவிடுகிறான். இதைக் கண்ட பின்னும் நான் தெளிவடையவில்லை. ஊரில் இருக்கும் ஒரு மாதம் நிம்மதியாக இருந்துவிட்டு, புது டில்லி நிலையத்தில் இறங்கியதும் கவலையையும் மூட்டையோடு சேர்த்துத் தூக்கிக்கொள்வேன்.

பள்ளியில் காலை வணக்கக் கூட்டத்துக்குப் பிள்ளைகளை உயர வரிசையில் நிறுத்துவார்கள். என் மகன் எப்போதும் முதல் ஆள். ஆண்டுதோறும் அவன் முதல் ஆளாகவே நின்றது என் நெஞ்சில் முள்ளாக உறுத்தியது. வரிசை என்று ஒன்று வைத்துவிட்டால் அதன் முனையில் யாரேனும் ஒரு பிள்ளை நின்றுதான் ஆக வேண்டும் என்பது எனக்குத் தோன்றவில்லை. தோன்றியதெல்லாம், அந்த இடத்தில் வேறு யாராவது நிற்கக்கூடாதா என்பதுதான். இன்று எண்ணிப் பார்க்கையில் அந்த விருப்பத்தின் கொடுமை தெரிகிறது. நான் வேண்டியது என் மகன் வளர வேண்டும் என்பதை மட்டுமன்று. மற்றொருவர் மகன் அவனைவிடச் சிறியவனாக இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே வேண்டியிருக்கிறேன்.

எங்கள் வீட்டுச் சமையலறைக் கதவின் நிலையில், மாதத்தின் முதல் ஞாயிறன்று அவனை நிற்கவைத்துத் தலைமேல் அட்டையை வைத்துப் பென்சிலால் கோடு இழுப்பேன். மாதத்துக்கு மாதம் ஒரு குழந்தை எவ்வளவு வளரும்? அரை சென்டிமீட்டர்கூட இராது. என் கை சற்றுத் தாழ்ந்தால் அதுவும் போய்விடும். ஆகவே பல மாதங்களில் பழைய கோட்டின்மேலேயே புதுக்கோடு விழும். அப்போது என் முகம் எப்படி மாறியிருக்கும் என்பதை அவன் முகத்தில் கண்டேன். ஒருநாள் அவன் குதிகாலை மெல்ல உயர்த்தினான். "ஏமாற்றப் பார்க்கிறாயா?" என்று கடிந்துகொண்டேன். அவன் அழவில்லை, குதிகாலை இறக்கிக்கொண்டான். வேறொரு நாள் அவனது காலணிக்குள் மடித்த அட்டைத்துண்டுகள் இருக்கக் கண்டு என் துணைவியார் எடுத்து வந்து காட்டினார். யாரோ சொன்னார்கள் என்று மாடிப்படிக் கம்பியில் அவனைத் தொங்கவிட்டதும் உண்டு. பால், முட்டை, டப்பாவில் விற்கும் சத்துப்பொடிகள் எல்லாம் அவன் தட்டுக்கே சென்றன. "வளர்கிற பிள்ளை" என்று சொல்லிக்கொண்டோம். அந்த வீட்டில் வளர்கிற பிள்ளைகள் இருவர் இருந்தனர்.

ஆறுதல் கூறுவோர்க்குக் குறைவில்லை. நம் மொழியில் இதற்கென்றே ஒரு களஞ்சியம் உண்டு. கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்பார்கள். மூர்த்தி சிறிதாயினும் கீர்த்தி பெரிது என்பார்கள். அகத்தியரைக் குறுமுனி என்று நினைவூட்டுவார்கள். வள்ளுவர் தேரின் அச்சாணியைச் சொன்னதையும் விடமாட்டார்கள். லால் பகதூர் சாஸ்திரியும் அறிஞர் அண்ணாவும் உயரமானவர்களா என்று கேட்பார்கள். இந்த ஆறுதல்களை நானும் என் மகனுக்குச் சொன்னேன். அவற்றில் ஒரு கடன்பத்திரம் மறைந்திருப்பதை அன்று நான் கவனிக்கவில்லை. உயரமான பிள்ளை சாதாரணப் பிள்ளையாக இருந்துவிட்டுப் போகலாம். குள்ளமான பிள்ளை மட்டும் காரமாகவோ கீர்த்தியாகவோ ஈடுகட்ட வேண்டும் என்றல்லவா அவை சொல்கின்றன? வள்ளுவர் உருவத்தைக் கண்டு இகழாதே என்று அறிவுறுத்தியது இகழ்பவனுக்கு. நாமோ அதை எடுத்து இகழப்பட்டவனிடம் கொடுத்து, நீ அச்சாணியாகிக் காட்டு என்கிறோம்.

இதை எனக்கு உணர்த்தியவன் அவனே. பள்ளி ஆண்டுவிழாவில் அவனுக்கு வாமனன் வேடம் கிடைத்தது. வீட்டில் எல்லாருக்கும் மகிழ்ச்சி. என் துணைவியார் தாழங்குடைக்காக அலைந்தார். ஒத்திகை முடிந்து வந்த ஒரு மாலையில் அவன் என்னிடம், "அப்பா, வாமனர் கடைசியில் பெரியவராகிறார் இல்லையா? அந்த இடத்தில் நான் திரைக்குப் பின்னால் போய்விட வேண்டும். வேறொரு பையன் வருவான்" என்றான். குறையாகச் சொல்லவில்லை, நாடகம் எப்படி நடக்கும் என்பதைத்தான் விளக்கினான். விழாவன்று உலகளந்த பெருமாளாக உயரமான மாணவன் ஒருவன் வந்து நின்றபோது அரங்கம் கைதட்டியது. நான் திரையின் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

1985 டிசம்பரில் அவனைப் பெரிய அரசு மருத்துவமனை ஒன்றுக்கு அழைத்துச் சென்றேன். அன்று துணைவியார் ஊருக்குப் போயிருந்தமையால், மகளை வீட்டில் தனியே விட மனமின்றி அவளையும் உடன் கூட்டிச் சென்றேன். அவளுக்கு அப்போது வயது பன்னிரண்டு. குழந்தை மருத்துவர் ஒரு வங்காளப் பெண்மணி. மகனின் உயரத்தையும் எடையையும் குறித்துக்கொண்டார்; இடக்கையை எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். கை எலும்புகளின் முதிர்ச்சியைக்கொண்டு உடல் தன் வளர்ச்சிப் பாதையில் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று கணிக்கலாமாம். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு எலும்பின் வயது ஏழு. "இன்னும் இரண்டு ஆண்டு வளர்ச்சி இவன் கையிருப்பில் இருக்கிறது" என்றார். பிறகு என் உயரத்தையும் துணைவியாரின் உயரத்தையும் கேட்டார். அவற்றைக் கூட்டி, ஆண்பிள்ளையாதலால் பதின்மூன்று சென்டிமீட்டர் சேர்த்து, இரண்டால் வகுத்தார். 164 வந்தது. என்னைவிட ஒரு சென்டிமீட்டர் கூடுதல். "நீங்கள் எந்த வயதில் வளர்ந்தீர்கள்?" என்று கேட்டார். எனக்குச் சட்டென்று நினைவு வந்தது. பள்ளியிறுதி வகுப்புவரை நானும் முன் வரிசையில்தான் உட்கார்ந்திருந்தேன். கல்லூரிப் புகுமுக வகுப்பில்தான் வேட்டி குட்டையாயிற்று. என் தந்தையார் ஒருநாளும் என்னை அளந்ததில்லை. அதனால் நானே அதை மறந்திருந்தேன்.

மனம் குளிர்ந்து எழுந்தபோது மருத்துவர் என் மகளைப் பார்த்து, "இந்தப் பெண்ணுக்கு என்ன வயது?" என்றார். சொன்னேன். "சென்ற ஆண்டு எவ்வளவு உயரம் இருந்தாள்?" என்றார். தெரியவில்லை. மகனின் உயரத்தை மாதவாரியாக ஒப்பிக்கக்கூடிய நான் மகளின் உயரத்தை ஆண்டுவாரியாகக்கூட அறியேன். மருத்துவர் அவளது கன்னத்தையும் கைத்தோலையும் கழுத்தையும் தொட்டுப் பார்த்தார். குளிர் தாங்குகிறதா, மலம் சரியாகப் போகிறதா, படிப்பில் சோர்வு உண்டா என்று அவளிடமே கேட்டார். அவள் என்னைப் பார்த்துவிட்டு, பிறகு மெல்ல விடை சொன்னாள். இரண்டு ஆண்டுகளாகவே அவள் சோர்ந்திருந்தாள். "சோம்பேறி" என்று கடிந்திருக்கிறோம். அக்டோபர் மாதத்திலேயே கம்பளிச் சட்டை கேட்பாள். தென்னாட்டு உடம்பு டில்லிக் குளிரைத் தாங்கவில்லை என்று நகைத்திருக்கிறோம். முகம் சற்று உப்பியிருந்ததை வளமை என்று மகிழ்ந்திருக்கிறோம். தம்பியைவிட உயரமாக இருந்தமையால் அவள் வளராமல் நின்றுபோனது எவர் கண்ணிலும் படவில்லை.

அன்று மாலை வீட்டுக்கு வந்து, மகனின் கோடுகளைத் தாளில் எழுதிக்கொள்வதற்காகக் கதவு நிலைக்கு முன் உட்கார்ந்தேன், மருத்துவர் கேட்டிருந்தார். அப்போது மகள் அருகில் வந்து, "அப்பா, என்னுடையதும் இருக்கிறது" என்றாள். நிலையின் உட்புறத்தில், கதவு திறந்திருந்தால் மறைந்துபோகும் பக்கத்தில், நான்கு மெல்லிய கோடுகள் இருந்தன. ஒன்பதாவது பிறந்தநாள் முதல் ஒவ்வொரு பிறந்தநாளிலும் அவளே தன் தலைமேல் புத்தகத்தை வைத்துக் கையைப் பின்னால் வளைத்து இழுத்த கோடுகள். பக்கத்தில் தேதி எழுதியிருந்தாள். முன்பு ஒருமுறை, "என்னையும் அளங்கள் அப்பா" என்று கேட்டிருக்கிறாள். "உனக்கெதற்கு, நீ நன்றாகத்தான் இருக்கிறாய்" என்று நான் சொன்னேனாம். எனக்கு நினைவில்லை. முதலிரண்டு கோடுகளுக்கு இடையே நான்கு சென்டிமீட்டர். அடுத்ததில் இரண்டு. அதற்கும் அடுத்ததில் ஒன்று. மகனின் கோடுகளோ, மாதக்கோடுகளின் குழப்பத்தை விலக்கி ஆண்டுக்கு ஒன்றாகப் பார்த்தால், ஐந்து ஐந்து சென்டிமீட்டராகப் படிக்கட்டுபோல் ஏறிச் சென்றிருந்தன.

மருத்துவர் அந்தத் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, பிள்ளையே வரைந்த கோடு துல்லியமாக இராது, ஆனாலும் இது போதும் என்றார். இரத்தப் பரிசோதனையில் தைராய்டுச் சுரப்பி ஏறத்தாழ வேலைநிறுத்தம் செய்திருப்பது தெரிந்தது. நாள்தோறும் ஒரு சிறு மாத்திரை, விலையும் மலிவு. மூன்று மாதங்களில் அவள் முகமே வேறாயிற்று. அடுத்த ஆண்டில் எட்டு சென்டிமீட்டருக்குமேல் வளர்ந்தாள். ஆனால் கைவிட்டுப்போன இரண்டு ஆண்டுகள் முழுவதுமாகத் திரும்பவில்லை. தன் தாயைவிட இரண்டு அங்குலம் குறைவாகவே அவள் உயரம் நின்றது. அதைப் பற்றி அவள் ஒருநாளும் பேசியதில்லை. நான் ஒருமுறை பேச முற்பட்டபோது, "விடுங்கள் அப்பா" என்றாள்.

குழந்தை மருத்துவம் கூறும் அடிப்படை இதுதான்: ஒரு பிள்ளை எவ்வளவு உயரம் என்பதைக் காட்டிலும், ஓர் ஆண்டில் எவ்வளவு உயர்ந்தது என்பதே முதன்மையானது. நான்கு வயதுக்குப் பிறகு பருவமடையும்வரை ஆண்டுக்கு ஐந்து, ஆறு சென்டிமீட்டர் வளர்ந்தால் பெரும்பாலும் அஞ்ச வேண்டியதில்லை. வளர்ச்சி அட்டையில் நூறு நலமான பிள்ளைகளை வரிசைப்படுத்தினால் மூன்று பேர் கீழ்க்கோட்டுக்கும் கீழேதான் இருப்பார்கள். அது கணக்கின் இயல்பு. ஆனால் நடுவரிசையில் இருந்த பிள்ளை இரண்டு ஆண்டுகளில் சறுக்கிக் கீழே வந்தால், அதன் உயரம் சாதாரணமாகவே தோன்றினாலும், உள்ளே ஏதோ நேர்ந்திருக்கிறது. அந்தப் பிரெஞ்சுத் தந்தை அளந்தாரே, அதுபோல் பிள்ளையை அதனோடேயே ஒப்பிடும் அளவை ஒன்று. பிள்ளையைப் பிறர் பிள்ளையோடு ஒப்பிடும் அளவை மற்றொன்று. பென்சிலும் கதவு நிலையும் இரண்டுக்கும் ஒன்றே என்பதால் நாம் இரண்டையும் அன்பு என்றே அழைத்துவிடுகிறோம். முன்னது கண்ணைத் திறக்கிறது. பின்னது, என் வீட்டில், ஒரு பிள்ளையைப் பார்க்கவொட்டாமல் கண்ணைக் கட்டியது. பெண் குள்ளமாயிருந்தால் அடக்கம், ஆண் குள்ளமாயிருந்தால் குறை என்னும் வழக்கும் அதற்குத் துணை நின்றது.

கண் கட்டியிருந்தது என் வீட்டளவில் மட்டுமா? அக்காலத்தில் எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்த்துவந்த அம்மா ஜங்புராவில் சாக்கடைக் கால்வாயை ஒட்டியிருந்த மதராஸி கேம்ப்பிலிருந்து வருவார். விழுப்புரம் பக்கத்தவர். நம்மைப் போலவே பிழைக்க வந்த தமிழர். ஆனால் நம் சங்கக் கூட்டங்களில் அவர்களைக் கண்ட நினைவு எனக்கில்லை. அவருடைய மகனுக்கும் என் மகனுக்கும் ஒரே வயது. என் மகன் வளரவில்லை என்று நான் உறக்கமிழந்த அதே ஆண்டுகளில், அவனுக்குச் சிறியதாகிப்போன சட்டைகள் அந்தப் பையனுக்குச் சென்றன. அவை அவனுக்குத் தொளதொளவென்று இருந்தன. ஒருமுறை என் துணைவியார், பையன் ஏன் இப்படி இருக்கிறான் என்று கேட்டதற்கு, "எங்க புள்ளைங்க எல்லாம் இப்படித்தாம்மா" என்று அவர் சொன்னாராம். அது மரபு என்று நாங்களும் ஏற்றுக்கொண்டோம்.

மரபு அன்று என்பதற்கு இன்று வலுவான சான்று இருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் 1997 முதல் 2003 வரை ஆறு நாடுகளில், நல்ல உணவும் தாய்ப்பாலும் தூய்மையான சூழலும் கிடைத்த குழந்தைகளை அளந்து ஆராய்ந்தது. அந்த ஆறு இடங்களுள் நம் தென் டில்லியும் ஒன்று. நார்வேயிலும் கானாவிலும் டில்லியிலும் அக்குழந்தைகள் ஐந்து வயதுவரை ஏறத்தாழ ஒன்றுபோலவே வளர்ந்தனர். 2006இல் வெளியான வளர்ச்சி அளவைகள் அந்த ஆய்வின் பயனே. 2019-21இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நம் நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் நூற்றுக்கு 35.5 பேர் வயதுக்கேற்ற உயரமின்றி இருக்கின்றனர். அவர்கள் குள்ளமானது பசியாலும், அடிக்கடி வரும் வயிற்றுப்போக்காலும், தாயின் மெலிவாலும். 1956இல் காமராசரும் 1982இல் எம்.ஜி.ஆரும் பள்ளியில் சோறிட்டபோது கண்ட உண்மையைத் தமிழர்களாகிய நாம் அறியாதவர்கள் அல்லர். 1975இல் தொடங்கிய அங்கன்வாடிகளில் குழந்தையை எடைபோட்டு அட்டையில் புள்ளி வைக்கிறார்களே, அந்தப் புள்ளி யாரையும் வரிசையில் நிறுத்துவதற்கன்று. கவலை என்னும் பொருள் நாட்டில் குறைவாக இல்லை. அது தேவையான வீட்டை விட்டுவிட்டு வேறு வீடுகளில் குவிந்து கிடக்கிறது. அந்த மதராஸி கேம்ப் 2025 ஜூன் மாதத்தில் இடித்து அகற்றப்பட்டது. அந்தப் பையன் என்ன உயரம் வளர்ந்தான் என்று நான் அறியேன்.

இனி மகன் கேட்ட ஊசிக்கு வருகிறேன். மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பி போதிய வளர்ச்சி நீரைச் சுரக்காத பிள்ளைகள் உண்டு. அவர்களுக்கு அந்த ஊசி மருந்து, அதில் விவாதமில்லை. ஒரு காலத்தில் அதை இறந்தோரின் உடலிலிருந்து பிரித்தெடுத்துக் கொடுத்தார்கள். அதைப் பெற்றவர்களுள் சிலர் கொடிய மூளைநோயால் இறந்தது தெரியவந்து, 1985இல் அமெரிக்காவில் நிறுத்தினர். நான் மகனோடு மருத்துவமனையில் காத்திருந்த அதே ஆண்டு. அந்தப் பெற்றோர்கள் பெரும்பாலும் உண்மையான குறைபாட்டுக்காகவே கொடுத்தவர்கள். அவர்கள்மேல் பழிசொல்ல யாருக்கும் உரிமையில்லை. அவ்வாண்டிலேயே செயற்கை முறையில் செய்த பாதுகாப்பான மருந்து வந்தது. மருந்து தட்டின்றிக் கிடைக்கத் தொடங்கியபின் புதியதொரு கேள்வி எழுந்தது: குறைபாடு எதுவுமில்லாமல் குள்ளமாக மட்டும் இருக்கும் பிள்ளைக்கும் கொடுக்கலாமா? 2003இல் அமெரிக்க அரசு, மிகக் குள்ளமான நூற்றுக்கு 1.2 பேருக்குக் கொடுக்க இசைந்தது. பல ஆண்டுகள் நாள்தோறும் ஊசி, பெருஞ்செலவு, கிடைப்பது சராசரியாக நான்கைந்து சென்டிமீட்டர்.

போடலாம் என்பவர்கள் சொல்வதை நான் தள்ளிவிட மாட்டேன். மண விளம்பரத்தில் உயரம் கேட்கிறார்கள். காவல்துறைக்கும் படைக்கும் உயர வரம்பு உண்டு. விளையாட்டுத் திடலில் உதைபடுபவன் யார் என்பதும் தெரியும். உலகம் இப்படி இருக்கையில் பிள்ளையைக் காக்க நினைப்பது தவறா என்று கேட்டால், தவறு என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. ஆனால் நோய் உலகத்தில் இருக்கும்போது ஊசியைப் பிள்ளையின் தொடையில் போடுகிறோம் என்பதையாவது பெற்றோர் அறிந்து செய்ய வேண்டும். மேலும், வசதியுள்ள பிள்ளைகளெல்லாம் ஊசி போட்டு நான்கு சென்டிமீட்டர் ஏறினாலும் காலை வரிசையின் முனை காலியாகிவிடாது. அங்கே நிற்பவன் ஊசி வாங்க இயலாதவன் மகனாக இருப்பான். எல்லாவற்றுக்கும் மேலாக, இரவுதோறும் ஊசி ஏந்தி வரும் தந்தை, வாயால் எவ்வளவு அன்பு பேசினாலும், நீ இருக்கிறபடி போதாது என்று பல ஆயிரம் முறை சொல்லியாக வேண்டும். கதவு நிலையில் மாதம் ஒருமுறை அதைச் சொன்னவன் நான். அட்டைத்துண்டு வைத்த அந்தக் காலணி இன்னும் என் கண்முன் இருக்கிறது.

இரண்டு வாரம் கழித்து மகனை அழைத்தேன். "சென்ற ஆண்டு எவ்வளவு வளர்ந்தான்?" என்று கேட்டேன். பார்த்துச் சொல்வதாகக் கூறினான். கைமூட்டை எக்ஸ்ரே எடுத்தார்களா என்றும், அவன் தந்தையும் தாத்தாவும் தாமதமாக வளர்ந்தவர்கள் என்பதை மருத்துவரிடம் சொன்னானா என்றும் கேட்டேன். சொல்லவில்லையாம். நான் பட்ட கவலையெல்லாம் தன் பொருட்டு என்றே அவன் நினைத்திருந்தான். நானும் அவன் வயதில் முன்வரிசைக்காரன் என்பதை அதுவரை அவனுக்குச் சொன்னதில்லை. சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, "அப்பா, அந்த வாமனன் வேடம் எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. உங்கள் முகம்தான் சரியாக இல்லை" என்றான்.

மறுநாள் தாள் ஒன்றைப் படமெடுத்து அனுப்பினான். பேரன் ஓராண்டில் ஐந்தரை சென்டிமீட்டர் வளர்ந்திருந்தான். கீழே பேத்தியின் அளவும் இருந்தது. இன்னும் ஓராண்டு பொறுத்துப் பார்ப்பதென்று அவர்கள் முடிவு செய்திருக்கிறார்கள். மருத்துவரும் அதற்கு இசைந்திருக்கிறார். பேரனிடம் கேட்டீர்களா என்று விசாரித்தேன். கேட்டார்களாம். ஊசி வலிக்குமா என்பதைத் தவிர அவனுக்கு வேறு கேள்வி இருக்கவில்லையாம்.